‘வீசிங்’ என்பது நோயின் பெயர் அல்ல

52 வயதுப் பெண் ஒருவர் நெஞ்சக நோய்ப் பிரிவின் ஓ.பி.யில் வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “என்னம்மா பண்ணுது?” என்று கேட்டால், “வீசிங் டாக்டர், பத்து வருஷமா இருக்கு” என்கிறார். பயிற்சி மருத்துவர் கேஸ் ஷீட்டில் ‘ஆஸ்துமா, 10 ஆண்டுகள்’ என்று எழுதுகிறார். அடுத்த வரியில் ‘புகைப்பழக்கம்: இல்லை.’ அப்புறம் ஒரு நெபுலைசர், நாலு மாத்திரை, அடுத்த நோயாளி.

இந்த இரண்டு வரிகளிலும் பிழை இருக்க வாய்ப்பு அதிகம். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது அறிகுறி, எழுதப்பட்டது நோய். சுவாச நோய்களில் நடக்கும் பாதித் தவறுகள் இந்த மொழிபெயர்ப்பில் நடப்பவைதான்.

நெஞ்சு நோய்களுக்கு நம் மொழியில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வேலை பார்க்கும். ‘இழுப்பு’ ஒருவர் வாயில் ஆஸ்துமா, இன்னொருவர் வாயில் வலிப்பு. ‘இளைப்பு’ என்றால் மூச்சிரைப்பு, ‘இளைச்சுட்டேன்’ என்றால் எடை குறைந்துவிட்டது. ‘சளி பிடிச்சிருக்கு’ என்பது மூக்கொழுகல், ‘சளி வருது’ என்பது நெஞ்சிலிருந்து வருவது. ‘நெஞ்சு அடைக்குது’ என்பவருக்கு மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கலாம், மாரடைப்பும் வந்திருக்கலாம். எனவே ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்கு முன்னால் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். “வீசிங்னா என்னம்மா? விசில் மாதிரி சத்தம் வருதா, மூச்சு வாங்குதா, இருமலா? எப்ப வரும், எப்ப போகும்?”

வீசிங் சத்தம் பிறப்பது எளிய இயற்பியல். குழாய் குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்கும்போது சுவர் அதிர்கிறது. எதனால் குறுகியது என்று அந்தச் சத்தம் சொல்லாது. ஆஸ்துமாவில் தசை இறுகுகிறது, இதயச் செயலிழப்பில் குழாய்ச் சுவரில் நீர் ஊறுகிறது, குழந்தைக்குப் புரையேறிய வேர்க்கடலை ஒரு பக்கக் குழாயை அடைக்கிறது, கட்டி வெளியிலிருந்து நெருக்குகிறது. நெஞ்சு முழுக்கப் பல சுருதிகளில் விசில் கேட்டால் பரவலான குறுக்கம். ஒரே இடத்தில் ஒரே சுருதியில் விடாமல் கேட்டால் ஆஸ்துமா என்று எழுதாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பிக்கு அனுப்புங்கள்.

ஆகவே முதல் கேள்வி ‘என்ன நோய்’ என்பதல்ல, ‘எந்த இடம்’ என்பதுதான். குழாயா, காற்றுப்பையா, நுரையீரல் உறையா, இல்லை நுரையீரலுக்கு வெளியேயா? இரண்டாவது கேள்வி எத்தனை காலம். நிமிடங்களில் வந்த மூச்சுத்திணறல் என்றால் உறைக்குள் காற்று புகுந்த நியூமோதோரக்ஸ், நுரையீரல் தமனியை அடைத்த ரத்தக்கட்டி, தொண்டையில் சிக்கிய பொருள் ஆகியவை முதலில் வரவேண்டும். மணிக்கணக்கு என்றால் ஆஸ்துமா அட்டாக், இடது இதயச் செயலிழப்பு. நாள்கணக்கு நிமோனியாவுக்கு, வாரக்கணக்கு காசநோய்க்கும் உறையில் நீர் கோத்தலுக்கும், ஆண்டுக்கணக்கு நாள்பட்ட மூச்சடைப்பு நோயான சி.ஓ.பி.டி.க்கும் நுரையீரல் நார்த்தடிப்புக்கும் உரியவை. இந்த இரண்டு கேள்விகளும் முடியும்போது பட்டியல் மூன்று நான்கு நோய்களாகச் சுருங்கிவிடும்.

குழாயில் இருக்கும் கோளாறு

ஆஸ்துமாவைக் ‘குழாய் சுருங்கும் நோய்’ என்று மட்டும் படித்தால் சிகிச்சையும் தவறிப்போகும். சுருக்கம் விளைவு மட்டுமே, அடியில் இருப்பது அழற்சி. ஒவ்வாமைப் பின்னணி உள்ளவரின் மூச்சுக்குழாய்ச் சுவரில் டி ஹெல்பர் 2 வகை நோயெதிர்ப்புச் செல்கள் இன்டர்லூகின் 4, 5, 13 ஆகிய சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. 4, 13 இரண்டும் ஒவ்வாமை எதிர்ப்புப்பொருளான ஐ.ஜி.இ. உற்பத்தியைத் தூண்ட, 5 ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களை வரவழைக்கிறது. இப்படி எரிந்துகொண்டிருக்கும் சுவர் தூசி, குளிர்காற்று, ஊதுபத்திப் புகை, வைரஸ் சளி என எதைக் கண்டாலும் இறுகிவிடுகிறது. இன்ஹேலரில் இழுக்கும் சால்புடமால் மருந்து இறுக்கத்தைத் தளர்த்தும், ஆனால் எரிச்சலைத் தொடாது. அதனால்தான் உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா, பெரியவர்களுக்கும் 12 வயதைத் தாண்டியவர்களுக்கும் சால்புடமாலை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று 2019இல் மாற்றி எழுதியது.

கண்டறிவதில் ஆஸ்துமாவின் அடையாளம் ‘மாறுதல்’. இன்று இருக்கும், நாளை இருக்காது. விடியற்காலையில் எழுப்பும், மதியம் சும்மா இருக்கும். இந்த மாறுதலைக் காட்ட இரண்டு வழிகள். ஊதவைத்து மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி செய்து, 400 மைக்ரோகிராம் சால்புடமால் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்லலாம். முதல் நொடியில் வெளியேறும் காற்றளவு, அதாவது எஃப்.இ.வி.1, 12 சதவீதமும் 200 மி.லி.யும் கூடினால் மீள்தன்மை உண்டு. இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும், தேர்வில் பாதிப் பேர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு நோயாளி நன்றாக இருந்தால் சோதனை சாதாரணமாகத்தான் வரும், அதை வைத்து ஆஸ்துமா இல்லை என்று சொல்லிவிட முடியாது. அப்போது ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரைக் கையில் கொடுத்து, காலையும் மாலையும் இரண்டு வாரம் ஊதிக் குறித்துவரச் சொல்லலாம். பெரியவர்களில் அன்றாட ஏற்ற இறக்கம் சராசரியாக 10 சதவீதத்தைத் தாண்டினால் அதுவும் சான்றுதான். விலை குறைந்த இந்தக் கருவியை ஏனோ நாம் மதிப்பதில்லை.

நோயாளியின் மருந்துச் சீட்டையும் வாங்கிப் பாருங்கள். கைநடுக்கத்துக்குக் கொடுத்த புரொப்ரனலால், மூட்டுவலிக்கு வாங்கிய டைக்ளோஃபினாக், கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு மருந்து, மூன்றுமே ஆஸ்துமாவைக் கிளப்பக் கூடியவை. கண்ணில் விடும் சொட்டு நெஞ்சை இறுக்கும் என்று நோயாளிக்குத் தோன்றாது, கேட்டால்தான் வரும்.

வேலையையும் கேட்க வேண்டும். பஞ்சாலையில் நூற்புக்கு முந்தைய பகுதிகளில் வேலை செய்பவர், வார விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுகுகிறது என்றால் அது பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் படிக்கும் மாணவருக்கு இது பாடப்புத்தக அபூர்வம் அல்ல. ஆஸ்துமாவும் தொழிற்சூழலால் வரலாம், ஆனால் அங்கே வேலை நாள்கள் போகப்போக மோசமாகும். பிஸினோசிஸின் ஆரம்பக் கட்டத்தில் வாரத்தின் முதல் நாள்தான் மோசம்.

சி.ஓ.பி.டி.யின் கதை வேறு. இங்கே மாறுதல் குறைவு, இறங்குமுகம் அதிகம். புகையின் நச்சுத்துகள்கள் ஆண்டுக்கணக்கில் சிறு குழாய்களைத் தடிக்கச் செய்கின்றன, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் நொதிகள் காற்றுப்பைச் சுவர்களை அரிக்கின்றன. சுவர் போனதும் நுரையீரலின் மீள்விசை போகிறது. மூச்சை வெளிவிடும்போது குழாயைத் திறந்து பிடித்திருந்த கயிறுகள் அறுந்ததுபோல் அது படிந்துவிடுகிறது. உள்ளே போன காற்று வெளியே வராமல் தேங்குகிறது, நெஞ்சு பீப்பாய்போல் விரிகிறது. சால்புடமாலுக்குப் பிறகும் எஃப்.இ.வி.1ஐ முழு மூச்சளவால் வகுத்த விகிதம் 0.7க்குக் கீழே நின்றால் அது மீளாத அடைப்பு. வயதானவர்களில் இந்த விகிதம் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும் என்பதால், 75 வயதுக்காரரின் 0.68ஐப் பார்த்தவுடன் முடிவு கட்ட வேண்டாம்.

காரணம் என்று கேட்டால் மாணவர்கள் உடனே ‘சிகரெட், பீடி’ என்பார்கள். சரிதான், ஆனால் பாதி. புகைக்காத சி.ஓ.பி.டி. நோயாளிகள் நம் நாட்டில் ஏராளம். விறகும் வறட்டியும் எரித்த அடுப்புப் புகை, சுரங்கத் தூசி, சிறுவயதில் திரும்பத் திரும்ப வந்த நெஞ்சுத் தொற்று, முன்பு வந்து குணமான காசநோய் எல்லாமே அடைப்பை விட்டுச்செல்லும். அடுப்புப் புகையால் வந்தவர்களிடம் காற்றுப்பைச் சிதைவைவிடக் குழாய் நோயே பெரிதும் தெரியும், சத்தமும் அதிகம். அதனால்தான் அவர்கள் மீது ஆஸ்துமா முத்திரை சுலபமாக விழுகிறது. காசநோய் தழும்பு விட்ட நுரையீரலோடு வருபவருக்கு வேறொரு தொல்லை. ஒவ்வொரு முறை இருமல் கூடும்போதும் பழைய எக்ஸ்ரே நிழலைப் பார்த்து மறுபடி காசநோய் மாத்திரை தொடங்கிவிடுவார்கள். பழைய படத்தைக் கேட்டு வாங்கி, புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எந்த நிழலையும் ‘புதிது’ என்று சொல்லக் கூடாது.

மதனப்பள்ளியில் கண்ட விசித்திரம்

வீசிங் என்ற சொல் எப்படி ஏமாற்றும் என்பதற்கு என் விருப்பமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மதனப்பள்ளிக்கு அருகில், அன்றைய சென்னை மாகாணத்தில், ஆரோக்கியவரம் காசநோய்ச் சானடோரியம் இருந்தது. அங்கே பணியாற்றிய ஃப்ரிமோட் மோலரும் பார்ட்டனும் 1940இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காசநோய் என்று நினைக்கும்படியான எக்ஸ்ரே, ஆனால் சளியில் கிருமி இல்லை, ரத்தத்திலோ ஈசினோஃபில்கள் மலைபோல் ஏறியிருந்தன. 1943இல் வைங்கார்ட்டன் இதற்கு ‘ட்ராபிகல் ஈசினோஃபிலியா’ என்று பெயர் சூட்டி, ஆர்சனிக் மருந்தில் குணமாவதாக எழுதினார். காரணம் பிற்பாடுதான் தெளிவானது. யானைக்கால் நோயை உண்டாக்கும் அதே ஃபைலேரியாப் புழுவின் குஞ்சுகள் நுரையீரலின் ரத்த நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ள, உடல் அவற்றின்மேல் காட்டும் மிகையான எதிர்ப்பே இந்த நோய்.

இரவில் தூங்கவிடாத வறட்டு இருமல், வீசிங், லேசான காய்ச்சல், எடை குறைவு. ஆஸ்துமா என்று நினைத்தால் இன்ஹேலர் போதுமான பலன் தராது. எக்ஸ்ரேயில் தினை இறைத்ததுபோல் புள்ளிகள் தெரிந்தால் நுரையீரல் முழுக்கப் பொடிப்பொடியாகப் பரவும் மிலியரி காசநோய் என்று பயந்துவிடுவோம். சில ரூபாயில் முடியும் ரத்த அணுக் கணக்கு வழியைக் காட்டிவிடும். ஈசினோஃபில் மொத்த எண்ணிக்கை ஒரு கன மில்லிமீட்டருக்கு 3000ஐத் தாண்டும், ஐ.ஜி.இ. மிக உயர்ந்திருக்கும். ரத்தத்தில் அந்தப் புழுக்குஞ்சுகளை, அதாவது மைக்ரோஃபைலேரியாவை, தேடினால் கிடைக்காது, அதை வைத்து மறுத்துவிடாதீர்கள். ஃபைலேரியா மருந்தான டைஎதில்கார்பமசின் மூன்று வாரம் கொடுத்தால் நோயாளி நன்றாகத் தூங்குவார். கண்டுகொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் விட்டால் நுரையீரல் நார்த்தடித்துப் போகும்.

ஒரு எச்சரிக்கை. இலக்கத்தைப் பார்க்கும்போது சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள், மொத்த வெள்ளணுக்களோடு பெருக்கிப் பாருங்கள். அப்புறம், ஈசினோஃபில் உயர்ந்தவருக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு எழுதும் முன் குடலில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு உண்டா என்று யோசியுங்கள். ஸ்டீராய்டு கிடைத்தால் அந்தப் புழு உடல் முழுக்கப் பரவி உயிரைக் குடிக்கும்.

எச்சிலும் சளியும்

காசநோயின் காரணம் எல்லோருக்கும் தெரியும். ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் கிருமியை அறிவித்தார், அந்த நாள்தான் இன்று உலகக் காசநோய் நாள். ஆனால் கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோரிடம் அது ஆயுள் முழுக்க உறங்கிக் கிடக்கும். அதை எழுப்புவது சர்க்கரை நோய், ஊட்டச்சத்துக் குறைவு, எச்.ஐ.வி., குடி, புகை, கல்குவாரித் தூசியால் வரும் சிலிக்கோசிஸ். கிருமியைக் கண்டுபிடித்தால் காரணம் முடிந்தது என்று எண்ணாமல், “இவருக்கு ஏன் இப்போது?” என்று கேட்டு, ஒவ்வொருவருக்கும் ரத்தச் சர்க்கரை பார்ப்பது வழக்கமாக வேண்டும்.

தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின்படி இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சோதிக்க வேண்டும். எதைச் சோதிப்பது? சளியை. இங்கேதான் மறுபடி மொழி குறுக்கே வருகிறது. டப்பாவைக் கொடுத்து “சளி துப்பிட்டு வாங்க” என்றால், பாதிப் பேர் எச்சிலைத் துப்பிக் கொண்டுவருவார்கள். தெளிந்த நுரை எச்சிலில் கிருமி இராது, அறிக்கையில் ‘நெகடிவ்’ என்று வரும், நோயாளி ஊரைச் சுற்றுவார். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, இரண்டு முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி, கெட்டியாக வருவதைத் துப்ப வேண்டும். திறந்தவெளியில், மற்றவர்களிடமிருந்து தள்ளி நின்று. இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிடம் போதும். மருத்துவமனையில் இந்த இரண்டு நிமிடம் யாருடைய வேலை என்று எழுதப்படவில்லை, அதனால் யாரும் செய்வதில்லை.

மைக்ராஸ்கோப்பில் தெரிய ஒரு மி.லி. சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் வேண்டும். சிபிநாட் என்று நாம் சொல்லும் மரபணுச் சோதனைக்கு அதில் மிகச் சிறு பங்கு போதும், முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி எதிர்ப்பு காட்டுகிறதா என்பதையும் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். இதேபோன்ற, இந்தியாவில் உருவான ட்ரூநாட் சோதனை பேட்டரியில் ஓடும் என்பதால் ஆரம்ப சுகாதார நிலையம் வரை போகிறது. இவற்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு. செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் இவை எண்ணிவிடும். எனவே முன்பு சிகிச்சை எடுத்தவருக்கு ‘பாசிடிவ்’ வந்தால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் அனுப்ப வேண்டும், சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க இதைப் பயன்படுத்தக் கூடாது.

சர்க்கரை நோயாளியின் காசநோய் பாடப்புத்தகத்தில் சொன்ன மேல்பகுதியை விட்டுக் கீழ்ப்பகுதியில் வந்து நிமோனியாபோல நடிக்கும். அப்போது லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமியும் கொஞ்சம் அடங்கும், காய்ச்சலும் இறங்கும், எல்லோரும் மகிழ்வோம். சில வாரம் கழித்து அவர் இன்னும் மெலிந்து திரும்புவார். காரணம் தெரியாத இருமலுக்கு அந்த மருந்தை எடுத்த எடுப்பில் எழுதாமல் இருப்பது நல்ல பழக்கம்.

பையும் உறையும்

நிமோனியாவில் காற்றுப்பைகள் சீழ்நீரால் நிரம்புகின்றன. நிமோகாக்கஸ் முதல் குற்றவாளி, வைரஸ்களும் குறைந்தவை அல்ல. நிறைந்த நுரையீரல் ஒலியை நன்றாகக் கடத்தும். “ஒண்ணு ஒண்ணு” என்று சொல்லச் சொல்லிக் கையை வைத்தால் அதிர்வு கூடியிருக்கும், மூச்சொலி குழாய்க்குள் ஊதுவதுபோல் கேட்கும். வார்டில் சேர்ப்பதா வேண்டாமா என்பதற்கு கர்ப்-65 கணக்கு: குழப்பம், யூரியா 42 மி.கி.க்கு மேல், மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல், ரத்த அழுத்தம் மேலே 90க்குக் கீழ் அல்லது கீழே 60 அல்லது அதற்குக் குறைவு, வயது 65 அல்லது அதற்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். இரண்டு வந்தாலே சேர்க்க யோசியுங்கள். மூச்சு எண்ணிக்கையைக் கடிகாரம் பார்த்து முழு நிமிடம் எண்ணுங்கள். கேஸ் ஷீட்களில் எல்லோருக்கும் 18 என்றே எழுதியிருப்பது தற்செயல் அல்ல.

மழைக்குப் பிந்தைய மாதங்களில் காய்ச்சலோடு இருபக்க நிழல் வந்தால், துணியை விலக்கி அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி என்று தேடுங்கள். வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று கிடைத்தால் அது ஸ்க்ரப் டைஃபஸ். உண்ணிக் குஞ்சு கடித்த இடம் அது. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ தொடாமல் எத்தனை உயர்ந்த ஆன்டிபயாடிக் ஏற்றினாலும் பயனில்லை. வயலில் இறங்கும் சர்க்கரை நோயாளிக்கு, காசநோய்போல் வந்து காசநோய் மருந்துக்கு அசையாத நிழல் என்றால் மெலியாய்டோசிஸ் என்ற தொற்றையும் நினைக்க வேண்டும். சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி. ஆய்வகத்தில் இதைச் சூடோமோனாஸ் என்று தவறாக ஒதுக்கிவிடுவதுண்டு, சந்தேகத்தைக் கோரிக்கைச் சீட்டிலேயே எழுதிவிட்டால் அவர்கள் கவனிப்பார்கள்.

உறையில் நீர் கோத்ததைக் கண்டுபிடிக்க விரலே போதும். 1761இல் தட்டிப் பார்க்கும் முறையை எழுதிய ஆஸ்திரிய மருத்துவர் அவன்ப்ருக்கர், விடுதி நடத்தியவரின் மகன். மதுப் பீப்பாயைத் தட்டி அளவறியும் பழக்கத்திலிருந்து அவருக்கு இது தோன்றியது என்பார்கள். பலாப்பழத்தைத் தட்டி வாங்கும் நமக்கு விளக்கம் தேவையில்லை. நீர் இருந்தால் கல்லைத் தட்டியதுபோல் இருக்கும், அதிர்வு குறையும், மூச்சொலி மறையும். நிமோனியாவும் மந்தமாக ஒலிக்கும், ஆனால் அதிர்வு கூடும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் எக்ஸ்ரே வருமுன் பதில் கையில். அப்புறம் ஊசியால் எடுத்த நீரை 1972இல் ரிச்சர்ட் லைட் வகுத்த அளவுகோலில் வைக்கிறோம். நீரின் புரதம் ரத்தப் புரதத்தில் பாதிக்கு மேல், எல்.டி.எச். என்ற நொதியின் நீர்-ரத்த விகிதம் 0.6க்கு மேல், அல்லது நீரின் எல்.டி.எச். ரத்தத்துக்கான இயல்பான மேல் எல்லையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். ஒன்று பொருந்தினாலும் அழற்சி நீர். லிம்ஃபோசைட் வகை வெள்ளணு மிகுந்து ஏ.டி.ஏ. என்ற நொதி 40ஐத் தாண்டினால் நம் நாட்டில் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரவேண்டும். சீழிலும் ஏ.டி.ஏ. உயரும் என்பதால் அணுவகையைப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

மூச்சு முட்டுகிறது, ஆனால் நெஞ்சு சுத்தம், எக்ஸ்ரேயும் சுத்தம் என்றால் மனப்பதற்றம் என்று எழுதும் முன் ரத்தசோகை, சர்க்கரை நோயில் ரத்தம் அமிலமாகும் கீட்டோ அசிடோசிஸ், நுரையீரல் தமனி அடைப்பு மூன்றையும் தள்ளிவிட்டுத்தான் எழுத வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் 97 காட்டினாலும் வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள். 4 புள்ளிக்கு மேல் சரிந்தால், அடியில் வெல்க்ரோ பிரிப்பதுபோல் நுண்ணொலியும் விரல்நுனி வீக்கமும் இருந்தால், அடுத்தது நார்த்தடிப்பைத் தேடும் நுண்ணிய சி.டி. ஸ்கேனான எச்.ஆர்.சி.டி. வீட்டில் புறா வளர்க்கிறார்களா, ஏர்கூலர் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்பதையும் அதோடு கேட்டுவிடுங்கள்.

சரி, அந்த 52 வயது அம்மாவிடம் திரும்புவோம். நான்கு முறை சால்புடமால் இழுத்த பின்னும் அவர் விகிதம் 0.58இல் அசையாமல் நிற்கிறது. ஈசினோஃபில் இயல்பு. சளியைச் சரியாகத் துப்பச் சொல்லி அனுப்பிய சிபிநாட் நெகடிவ். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு இல்லை. சிகரெட்டுக்கு எப்படிப் பாக்கெட்டை ஆண்டுகளால் பெருக்கி எழுதுகிறோமோ, அப்படியே அடுப்புக்கும் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் என்பதை ஆண்டுகளால் பெருக்கி எழுதலாம். கேஸ் ஷீட்டில் ‘ஆஸ்துமா, 10 ஆண்டுகள்’ என்பதை அடித்துவிட்டு சி.ஓ.பி.டி. என்று எழுதுங்கள். ‘புகைப்பழக்கம்: இல்லை’ என்ற வரிக்குக் கீழே இப்படி: ‘விறகடுப்பு, 3 மணி நேரம், 30 ஆண்டுகள் = 90. ஜன்னல் இல்லாத சமையலறை. கேஸ் இணைப்பு உண்டு. சோறும் வெந்நீரும் இன்னமும் விறகில்தான்.’